மாப்பிள்ளை வீட்டு நாய்க்குக் கண் பரிசோதனை

என் சம்பந்தி தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்துக் கொண்டுவந்து எங்கள் கூடத்து டீப்பாயின் மேல் இறக்கியபோது, அது வேடிக்கை என்றுதான் நானும் சிரித்தேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வாடகைக் கார் பிடித்து வந்திருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய நாய் இறங்கி வந்தது. சுருட்டை முடிக்கு நடுவே நெற்றியில் சந்தனம். கழுத்தில் ஜரிகை வைத்த துண்டு.

“இன்னா சம்பந்தி, நின்னுக்கினே இருக்கீங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துருக்கோம். சேர் போடுங்க, காப்பி வரட்டும். பொண்ணு எங்க?”

பெண் தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து என் இடது செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

என் மருமகள் காப்பி கொண்டுவந்தாள். அவர் பெற்ற மகள்தான். சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திரும்ப நீட்டினார்.

“சக்கர பத்தலம்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு இப்டியா காப்பி போடுவாங்க?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் புரிந்தது. அவள் கல்யாணத்தில் என் அண்ணன் இதே வார்த்தையைச் சொல்லிக் காப்பியைத் திருப்பி அனுப்பியிருந்தார். அன்று சம்பந்தி பெண் வீட்டுக்காரர். கைகட்டி நின்று, மறுபடியும் சர்க்கரை போட்டுத் தானே கொண்டுவந்து கொடுத்தார். ஐந்து வருஷமாக அந்தக் கணக்கை அவர் மனதில் வைத்திருந்திருக்கிறார். அவர் வீட்டில் இருப்பது ஆண் நாய், எங்கள் வீட்டில் இருப்பது பெண் நாய் என்பதால் இந்தத் தடவை அவர் மாப்பிள்ளை வீடு.

நாய்கள் இரண்டும் ஒரே வகை. பூடிலும் காக்கர் ஸ்பேனியலும் கலந்தவை. எங்களுடையதைப் பொம்மையார்பாளையத்தில் விடுதி நடத்தும் ஒரு குடும்பத்திடம் மருமகள் வாங்கினாள். தாயை நான் போய்ப் பார்த்தேன், தகப்பனைப் பார்க்கவில்லை. சம்பந்தியின் மனைவி காலமான பிறகு வீட்டில் தனியாக இருக்கிறாரே என்று அவருக்கும் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். அது புதுச்சேரியில் ஒரு கடையில் வாங்கியது. தாய் யார், தகப்பன் யார் என்று கேட்டேன். “நல்ல எடத்துப் புள்ளதாங்க” என்று கடைக்காரர் சொன்னாராம்.

அந்த நாய் வந்த பிறகுதான் சம்பந்தி மறுபடியும் வேளைக்குச் சாப்பிட ஆரம்பித்தார். அதற்குச் சோறு வைக்கவேண்டும் என்பதற்காக அடுப்பைப் பற்ற வைப்பார். அப்படியே தனக்கும் ஒரு பிடி. அதற்கு நான்கு வயது முடிந்ததும், “இவனுக்குப் பெறகு நான் இன்னா பண்றது சம்பந்தி? இவன் வித்து ஒண்ணு வேணும்” என்று போனில் சொல்லத் தொடங்கினார். ஆகவே தாம்பாளம் பாதிதான் வேடிக்கை. மீதிப் பாதி அவருடைய உயிர்.

“தட்டு மாத்திக்கலாமா?” என்று எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

நான் கை நீட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் தட்டை வாங்கினால் சம்மதம். வாங்கிவிட்டுப் பிறகு பேசுகிறேன் என்பது கிடையாது. நாய்க்கு என்றாலும் அது என் கைக்குத் தெரிந்திருந்தது.

“மொதல்ல ரெண்டையும் டாக்டர்கிட்ட காட்டிடலாம் சம்பந்தி. முட்டி, இடுப்பு, கண்ணு. அப்பறம் தட்ட மாத்திக்கலாம்.”

அவர் கை அப்படியே நின்றது. “என் பையனுக்கு இன்னா கொற?”

“கொறன்னு சொல்லல. பாத்துரலாம்னு சொல்றேன்.”

“அன்னிக்கு என் பொண்ணுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னீங்க. இன்னிக்கு என் நாய்க்கா?” என்று சொல்லிவிட்டு, என் மனைவியைப் பார்த்து, “ஒங்க வூட்டுக்காரரு போஸ்ட் கார்டு வாங்குனாக்கூட டெஸ்ட்டுக்கு அனுப்புவாரு போல” என்றார்.

“நீங்க வேற. கத்திரிக்காய வாங்கினு வந்தா இத்தினில இத்தினி சொத்தைன்னு எண்ணிட்டுதான் உள்ளயே வைப்பாரு” என்று அவள் என்னைக் கைவிட்டாள்.

ரத்தப் பரிசோதனை கேட்டது உண்மை. கல்யாணத்துக்கு ஜாதகம் வந்தபோது பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது என்றார்கள். நல்லது, இருவருக்கும் ரத்தமும் பார்த்துவிடலாம் என்றேன். என் மகனுக்கும் சேர்த்துத்தான். பெண் வீட்டில் அதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தமில்லை. என் சொந்தத்திலேயே மாமன் மகள், அத்தை மகன் என்று மூன்று தலைமுறை உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்ட ஒரு வீடு உண்டு. ஐந்து பிள்ளைகளில் இரண்டுக்குக் காது கேட்காது. அந்த இரண்டு குழந்தைகளின் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தவன் நான்.

அதோடு, என் வேலையும் அப்படி. விதைப் பரிசோதனையில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, உளுந்து, நெல் எது வந்தாலும் நூறு நூறாக நான்கு தடவை எண்ணி, ஈரத்தாளில் வைத்து, முளைத்தது எத்தனை, முளைக்காதது எத்தனை, கோணலாக முளைத்தது எத்தனை என்று பிரிப்போம். மேலே பார்த்தால் விதை எல்லாம் ஒன்றுபோலத்தான் பளபளக்கும். பளபளப்பைப் பார்த்துச் சான்று கொடுக்க எனக்குத் தெரியாது.

சாப்பாடு முடிந்து, சூடு தணிந்ததும் எல்லோரும் பின்கட்டுக்கு வந்தோம். தட்டு டீப்பாயின் மேலேயே இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் முறுக்கை ஒடித்து இரண்டு நாய்க்கும் தூக்கிப் போட்டேன். சம்பந்தியின் நாய் கெட்டிக்காரன். வெயில் இருந்தவரை பத்துத் துண்டு போட்டால் ஒன்பதை அந்தரத்திலேயே கவ்வியது.

பொழுது சாய்ந்தது. பேச்சு எங்கெங்கோ போயிற்று. நான் மறுபடியும் முறுக்கு போட்டேன். எங்கள் பெண் எப்போதும்போல எகிறிப் பிடித்தது. அவன் பிடிக்கவில்லை. துண்டு மூக்கில் பட்டுக் கீழே விழுந்த பிறகு முகர்ந்து தேடினான். பத்துக்கு இரண்டு. பிறகு உள்ளே வரும்போது, பகல் வெளிச்சத்தில் ஒரே தாவாகத் தாவிய படியின் முன்னால் நின்று முன்னங்காலால் தடவிப் பார்த்தான்.

“வெக்கப்படறான்” என்றார் சம்பந்தி. “மாமியா வூடு இல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“சம்பந்தி, இவனுக்கு மாலைக்கண்ணு இருக்கும்போல.”

அவர் நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கார்க்காரருக்குப் போன் செய்தார். வாசலில் திரும்பி, “புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க. குருடன்னு சொல்லாதீங்க” என்றார். தட்டை எடுக்காமலே போனார்.

மருமகள் அன்று என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை தோசைக்கு நடுவில் பேசினாள்.

“மாமா, நீங்க சொன்னது சரியாவே இருக்கட்டும். எங்கப்பா இந்த வூட்டுக்கு எத்தினி வாட்டி வந்துருக்காரு, நீங்கதான் எண்ணுவீங்களே. எல்லா வாட்டியும் ஓரமாதான் ஒக்காருவாரு. நேத்து ஒரு வாட்டிதான் நடு சேர்ல ஒக்காந்தாரு.”

தோசை ஆறிப் போயிற்று. அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. நான் சொன்னதிலும் பிழை இல்லை. இரண்டு சரிகளுக்கு நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். சம்பந்தி கோபித்துக்கொண்டு வராமலே இருந்துவிட்டால், பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே போய் வந்து கால் தேய்வது அவளுக்குத்தான்.

“நானே போய்ப் பேசறேன்” என்றேன்.

“டெஸ்ட்ட பத்தியா?”

“டெஸ்ட்ட பத்திதான். ஆனா முறையா போறேன்.”

முறை என்றால், பெண் வீட்டுக்காரன்தான் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு விழுப்புரம் போனேன். அவர் கதவைத் திறந்து, “வாங்க” என்றார். நான் சுவரோரம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தேன். அவர் பார்த்தார். நடு நாற்காலியைக் காட்டவில்லை.

எனக்குத் தெரிந்ததை வைத்து ஆரம்பித்தேன். “ரெண்டும் ஒரே கலப்பு, அதனால குட்டியும் அச்சா அப்டியே வரும்னு நெனைக்கிறீங்க. வராது சம்பந்தி. வீரிய ஒட்டுச் சோளம் மொத வருஷம் ஒரே ஒயரமா நிக்கும். அதுலேருந்து மணிய எடுத்து வெச்சி மறு வருஷம் வெதச்சிப் பாருங்க. ஒண்ணு நெட்ட, ஒண்ணு குட்ட, ஒண்ணு கருதே புடிக்காது.”

“நான் சோளம் கேக்கல. நாய்க்குட்டிதான் கேட்டேன்.”

“கலப்பு நாய்க்கு நோயே வராதுன்னு கடைக்காரன் சொல்லுவான். பூடில்லயும் இந்தக் கண்ணு நோய் இருக்கு, காக்கர்லயும் இருக்கு. ரெண்டு பக்கமும் இருந்தா கலந்து இன்னா பிரயோஜனம்?”

“எல்லாம் படிச்சிக்கினுதான் வந்துருக்கீங்க.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாய் அவர் காலடியில் படுத்திருந்தது.

சோளம் தோற்றுவிட்டது. வேறு வழியாகத்தான் போகவேண்டும் என்று தெரிந்தது. சுவரில் அவர் வெள்ளைச் சீருடையில் சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் நிற்கும் படம் மாட்டியிருந்தது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“சம்பந்தி, உங்கள சர்வீஸ்ல கண்ணு டெஸ்ட்டுக்கு கூப்புடுவாங்க இல்ல?”

“பின்ன? கரெக்டா கூப்புடுவான். கண்ணு பாஸ் ஆகலன்னா வண்டில ஏத்தமாட்டான்.”

“நல்லா தெரியுதுன்னு நீங்க சொன்னா?”

“நான் சொன்னா எவன் கேப்பான்? நல்லா தெரியுதுன்னுதான் சொல்லிக்கினு இருந்தான் எங்க கூட ஒருத்தன், டிரைவரு. டெஸ்ட்ல பாத்தா பச்ச எது செவப்பு எதுன்னே...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

நாயைப் பார்த்தார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்குத் தெருமுனை வரை நடக்கப் போவார்களாம். கொஞ்ச நாளாக அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறான், வயசாகிறது என்று தான் நினைத்ததாகச் சொன்னார். நான்கு வயது நாய்க்கு என்ன வயசு என்று நான் கேட்கவில்லை.

“ரெண்டுக்கும் பாக்கணும்” என்றார் கடைசியில். “என் பையனுக்கு மட்டும்னா ஒத்துக்கமாட்டேன். ஒங்க பொண்ணுக்கும் அத்தினி டெஸ்ட்டும் பண்ணணும்.”

“தாராளமா.”

எங்கள் பெண்ணைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் இருட்டில்கூடக் கரப்பான் பூச்சியைப் பிடிப்பாள்.

புதுச்சேரிப் பக்கம் கால்நடை மருத்துவமனைக்கு இரண்டையும் ஒரே காரில் கொண்டுபோனோம். மருமகள் நடுவில், நாய்கள் இரண்டு பக்கமும், நானும் சம்பந்தியும் இரண்டு ஜன்னலையும் பார்த்துக்கொண்டு. டாக்டர் இளம்பெண். முதலில் பின்னங்கால் முட்டியை மடக்கி நீட்டி, சில்லு வழுக்குகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தார். சின்ன நாய்களில் அது அடிக்கடி வழுக்குமாம். நான்கு முட்டியும் சரி. மயக்க ஊசி போட்டு இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார். பந்தும் கிண்ணமும் போல மூட்டு பொருந்தியிருக்கிறது என்று படத்தில் காட்டினார். இரண்டுக்கும் நல்ல இடுப்பு.

“பாத்தீங்களா! எக்ஸ்பிரஸ் வண்டி மாரி ஓடுவான்னு சொன்னேன்ல?” என்று சம்பந்தி என் முதுகில் தட்டினார். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் என்னைத் தொட்டார்.

கடைசியில் கண். மருந்து விட்டு, விளக்கை அணைத்துவிட்டு, கருவியால் உள்ளே பார்த்தார். எங்கள் பெண்ணை விரைவாகப் பார்த்து முடித்தார். அவனை இரண்டாம் தடவையும் பார்த்தார். விளக்கைப் போட்டதும் நாற்காலியை இழுத்துச் சம்பந்திக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

“ஐயா, விழித்திரை தேய ஆரம்பிச்சிருக்கு. இப்ப சாயங்காலத்துல தெரியல. போகப் போகப் பகல்லயும் கொறையும். வலி இருக்காது. இதுக்கு மருந்து கெடையாது. பரம்பரையா வர்றதான்னு தெரிஞ்சிக்க ரெண்டு நாய் வாயிலயும் பஞ்சுல தடவி எடுத்து லேபுக்கு அனுப்பலாம்.”

சம்பந்தி, “பண்ணுங்கம்மா” என்றார். திரும்பி வரும் வழி முழுக்க அவன் தலை அவர் மடியில் இருந்தது.

முடிவு வரக் காத்திருந்த நாட்களில் எனக்குத் தூக்கம் சரியில்லை. சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குள்ளேயே பேசிப் பேசிப் பார்த்தேன். எல்லாப் பேச்சிலும் நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். அதுதான் இடித்தது.

டாக்டர் மருமகளுக்குப் போன் செய்தபோது நாங்கள் கூடத்தில் இருந்தோம். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். ஒவ்வொரு நாயும் இந்தக் கண் விஷயத்தில் தாயிடமிருந்து ஒரு பாதியும் தகப்பனிடமிருந்து ஒரு பாதியும் வாங்குகிறது. இரண்டு பாதியும் கெட்டால்தான் கண் போகும். ஒரு பாதி மட்டும் கெட்டால் நாய்க்கு ஒன்றும் ஆகாது, ஆனால் குட்டிக்குக் கொடுக்கும். சம்பந்தியின் நாய்க்கு இரண்டும் கெட்டது. அதை எதிர்பார்த்திருந்தேன்.

“உங்க பொண்ணு ஒரு பாதி வெச்சிருக்கா” என்றார் டாக்டர். “அவளுக்கு எந்த ஆபத்தும் இல்ல. ஆனா இவங்க ரெண்டு பேரையும் சேக்கக்கூடாது.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். மருமகளும் பார்த்தாள். தையல் மிஷினுக்கு அடியிலிருந்து பெண்ணும் பார்த்தது. முளைக்க வைத்து எண்ணாமல், விதையைக் கையில் உருட்டிப் பார்த்தே பிரமாதம் என்று நான் யாருக்கும் சான்று கொடுத்ததில்லை. இவளுக்கு மட்டும் கொடுத்திருந்தேன்.

“நல்லதாப் போச்சி மாமா” என்றாள் மருமகள்.

“எது?”

“நம்ம கிட்டயும் இருக்கறது.”

அவள் சொன்னது உடனே விளங்கவில்லை. பஸ்ஸில் விழுப்புரம் போகும்போது விளங்கியது. அவர் விட்டுவிட்டுப் போன தாம்பாளத்தைக் கழுவி, வெறும் தட்டாகக் கொடுக்கக்கூடாது என்பதால் பழமும் பூவும் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டு முக்காலியில் உட்கார்ந்து, எதையும் சுற்றாமல் சொன்னேன். முதலில் எங்கள் பெண்ணின் குறையைச் சொன்னேன். பிறகு அவருடைய பையனுடையதை.

“சேத்தா இன்னா ஆவும்?”

“அவன் குடுக்கறது எப்பவும் கெட்ட பாதிதான். அவ நல்லதும் கெட்டதும் சரிசமமா குடுப்பா. எட்டுக் குட்டி போட்டா, ஒரு கணக்குக்கு நாலுக்குக் கண்ணு போவும். மீதி நாலும் இவளாட்டம் சொமந்துக்கினு இருக்கும். நல்ல ஜோடி கெடச்சா அவளுக்கு மட்டும் குட்டி எடுக்கலாம். வாயில பஞ்சு வெச்சிப் பாத்து, ரெண்டு பாதியும் சுத்தமான ஆணா இருந்தா ஒரு குட்டிக்கும் கண்ணு போகாது.”

அவர் நாயின் காதை நீவிவிட்டார்.

“நாலுக்கு” என்றார். “அந்த நாலையும் யாரோ ஒருத்தர் என்னாட்டம் வளப்பாங்க இல்ல?”

“வளப்பாங்க.”

“அப்ப வேணாம்.”

எழுந்து உள்ளே போனார். முகம் கழுவும் சத்தம் கேட்டது. காப்பியோடு வந்தார். வரும்போதே பழைய குரல் வந்துவிட்டிருந்தது.

“ஆக, பொண்ணு வூட்லயும் கொற இருக்கு.”

“இருக்கு.”

“மொதல்லயே சொல்லல.”

“எங்களுக்கே தெரியாது சம்பந்தி.”

“எல்லாப் பொண்ணு வூட்டுக்காரங்களும் இப்டிதான் சொல்லுவாங்க” என்று கண்ணைச் சிமிட்டினார். “எழுந்து இங்க வந்து ஒக்காருங்க. முக்காலில ஒக்காந்துக்கினு இடுப்ப ஒடச்சிக்காதீங்க. ஒங்க இடுப்புக்கு எவன் எக்ஸ்ரே எடுக்கறது?”

நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னைக் கேட்டால், ஒரு பக்கம் மட்டும் தேறியிருந்தால் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்திருக்காது. எங்கள் பெண்ணுக்கும் குட்டி வேண்டாம் என்று பிறகு வீட்டில் முடிவு செய்தோம். சுத்தமான ஆணைத் தேடலாம்தான். குட்டி கேட்டது சம்பந்தி ஒருவர்தான். அவர் கேட்டது இவனுடைய குட்டி.

“அப்ப இவன் அன்ஃபிட்டு” என்றார், தட்டிலிருந்து ஒரு பழத்தை உரித்துக்கொண்டே. “எங்க ரயில்வேல கண்ணு போச்சின்னா வேலைய வுட்டு அனுப்பமாட்டான் சம்பந்தி. கார்டு வேலைதான் குடுக்கமாட்டான். ஒக்காந்து பாக்கற வேல எதனா ஒண்ணு குடுப்பான். லைட் டூட்டி.”

சாமான்களை இனி இடம் மாற்றவேண்டாம், கட்டில் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், படிக்கு முன்னால் ஒரு சாக்கு போட்டால் காலுக்கே தெரியும் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் சாக்கை ஏற்கனவே போட்டிருந்தார்.

பொழுது சாய்ந்தது. சம்பந்தி முறுக்கு டப்பாவை எடுத்து வந்தார். அந்தரத்தில் போடவில்லை. தாம்பாளத்தைக் காலி செய்து தரையில் வைத்து, ஒரு முறுக்குத் துண்டை அதன் மேல் போட்டார். டங் என்றது. அவன் காதைத் தூக்கி, நேராக நடந்து வந்து எடுத்துக்கொண்டான். தட்டைத் தள்ளி வைத்து மறுபடியும் போட்டார்.

“எண்ணிக்கினு இருக்கீங்களா?” என்றார், என் பக்கம் திரும்பாமலே.

“எண்ணிக்கினுதான் இருக்கேன்.”

“பத்துக்கு எத்தினி?”

“எட்டு.”

“பாஸா?”

“லைட் டூட்டிக்கு பாஸ்.”